தீம் பார்க் பாத்திரங்களின் பேச்சு

வேடமிட்டு உலவும் கார்ட்டூன், திரைப்படப் பாத்திரங்களைத் தீம் பார்க் பார்வையாளர்களோடு பேச வைக்க நடந்த முயற்சிகள், பெரும்பாலும் அமெரிக்காவின் டிஸ்னி, யுனிவர்சல் பூங்காக்களைச் சார்ந்தவை. உதடு அசைக்கும் பொறியைச் செய்துவிடலாம். குழந்தை சொல்வதைக் கேட்டு அதற்கேற்பப் பதில் சொல்வதே அன்றும் இன்றும் பெரிய சிக்கல்.

கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது அங்கு வலம்வந்த வேடங்கள், ஐஸ் கேப்பேட்ஸ் என்ற பனிச்சறுக்கு நிகழ்ச்சிக் குழுவிடம் இரவல் வாங்கியவை. பிற்காலத்தில் ஒரு பிரிவினை நிலைபெற்றது. சிண்ட்ரெல்லா, பீட்டர் பான் போன்று நடிகரின் முகம் தெரியும் பாத்திரங்கள் பேசலாம். மிக்கி, டொனால்ட் போன்று முழுத்தலை மாட்டியவை பேசக் கூடாது. காரணம் குரல். மிக்கிக்கு முதலில் வால்ட் டிஸ்னியே குரல் கொடுத்தார். 1977 முதல் 2009 வரை வெய்ன் ஆல்வைன் கொடுத்தார். திரையில் கேட்டுப் பழகிய அந்த ஒரே குரல், பூங்காவில் மாறிமாறி வேடமேற்கும் பலரிடமிருந்து வர வழியில்லை. தடித்த தலைக்குள்ளிருந்து பேசினால் ஒலியும் மங்கும்.

ஆகவே கையசைவும் நடையுமே மொழியாயின. உடன் நிற்கும் உதவியாளர், "மிக்கிக்கு உன் தொப்பி பிடிச்சிருக்காம்" என்று குழந்தைக்கு விளக்குவார். மௌனத்துக்கு நன்மையும் உண்டு: எந்த நாட்டுக் குழந்தைக்கும் அது புரியும். செவித்திறனற்ற குழந்தைகளிடம் சைகை மொழியில் பேசும் நடிகர்களும் இருக்கிறார்கள். ஆனால் மிக்கியின் கையுறைக்கு நான்கே விரல்கள் என்பதால் ஐந்து விரலும் வேண்டிய சைகைகள் சற்றே திரிந்துதான் வரும்.

உயிருள்ள உரையாடல் முதலில் எதிர்பாராத இடங்களில் கைகூடியது. புளோரிடாவின் மேஜிக் கிங்டமில் 1990களின் நடுவிலிருந்து 2014 வரை 'புஷ்' என்ற குப்பைத்தொட்டி கூட்டத்துக்குள் உருண்டு திரிந்து, போவோர் வருவோரிடம் பேச்சுக் கொடுத்தது. ரிமோட்டில் அதை ஓட்டியவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். 2004இல் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 'டர்ட்டில் டாக் வித் கிரஷ்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் வந்த கிரஷ் என்ற ஆமை திரையில் நீந்திவந்து, முன்வரிசையில் இருக்கும் சிறுமியின் சட்டையைச் சுட்டிக் கேள்வி கேட்கும். அவள் சொன்ன பதிலையே பிடித்துக்கொண்டு மேலே பேசும். மறைவில் அமர்ந்த நடிகர் கேமரா வழியே அரங்கைப் பார்த்துப் பேச, கணினி அந்த நொடியே ஆமையின் வாயை அசைக்கிறது. மின்னணுப் பொம்மலாட்டம் என்று இதைச் சொல்லலாம். இத்துறையில் இதைவிட அழகான தீர்வு வந்ததாகத் தெரியவில்லை.

முழுத்தலை வேடத்துக்குத் திரும்பினால் கதை வேறு. 2013இல் மேஜிக் கிங்டமின் டவுன் ஸ்கொயர் தியேட்டரில் இமை சிமிட்டி, வாயசைத்துப் பேசும் மிக்கி வந்தார். குழந்தைகள் வாயடைத்து நின்றார்கள். ஆனால் பதிவுசெய்த வசனம் எத்தனை இருந்தாலும், குழந்தை கேட்கும் கேள்வி அவற்றுக்குள் அடங்குவதில்லை. தன் நாய்க்குட்டி தொலைந்த கதையைச் சொல்லும் சிறுவனுக்குப் பொதுவான குதூகல வாக்கியம் பதிலாகாது. 2018 மே மாதம் அந்த மிக்கி மறுபடி ஊமையானார்.

வாய் தெரியாத பாத்திரங்களுக்குப் பாதி வேலை குறைவு. யுனிவர்சல் பூங்காக்களில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பட ரோபோவான மெகட்ரான், வரிசையில் நிற்பவர்களை நையாண்டி செய்வதற்கே பேர்போனது. உலோக முகத்தில் நுண்ணிய உதட்டசைவை யாரும் தேடுவதில்லை. டிஸ்னி பூங்காக்களில் 2019இல் திறந்த ஸ்டார் வார்ஸ் பகுதியின் படைவீரர்களும் தலைக்கவசத்துக்குள்ளிருந்து பதிவுசெய்த வசனங்களையே ஒலிக்கிறார்கள். அதிகாரத் தோரணையில் அதட்டுவது அவர்கள் வேலை என்பதால் பொருந்தாத பதிலும் அங்கே உறுத்துவதில்லை.

கிரஷ் நிகழ்ச்சி 2009இல் டோக்கியோ டிஸ்னிசீயிலும் தொடங்கியது. அங்கே ஆமை ஜப்பானிய மொழியில் பேசுகிறது. கருவியைக் கொண்டுபோனால் மட்டும் போதாமல், அம்மொழியில் குழந்தைகளிடம் சட்டென்று பதில் சொல்லத் தெரிந்த நடிகர்களும் தேவைப்பட்டார்கள்.