மனு கிழித்த கோடும் மருத்துவம் கண்ட கோடும்

நெமிலியில் நம் தோழர் ஒருவர். இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வேலை. தோலைத் தொடுபவன் கை தீட்டு என்று சொன்னவர்களை மேடையேறித் திணற அடித்தவர். அவருக்கு மலங்கழிக்கும்போது குருதி வடிந்தது; ஓராண்டுக் காலம் வடிந்தது. துணைவியாரிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் செல்லவில்லை. ஏன் என்று கேட்டோம். "அந்த இடத்தைப் போய் எப்படிங்க காட்டுறது?" என்றார். கையிலே தீட்டில்லை என்று ஊருக்கே உரைத்தவர், தம் உடலின் ஓர் உறுப்பிலே மட்டும் தீட்டைக் குடியிருத்தி வைத்திருந்தார்!

இந்த வெட்கத்தின் பிறப்பிடம் எது? மனுவின் ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். தொப்புளுக்கு மேலுள்ள துளைகள் தூயவை, கீழுள்ளவை தூய்மையற்றவை என்று அங்கே கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. அதே நூலின் முதல் அத்தியாயம் முகத்தில் பிறந்தவனை உயர்ந்தவன் என்கிறது, காலில் பிறந்தவனைத் தாழ்ந்தவன் என்கிறது. உடலை வெட்டிய கோடும் ஊரை வெட்டிய கோடும் ஒரே கை கிழித்தவை. மலம் எல்லோருடையது, அதை அள்ளும் வேலை மட்டும் சில சாதியாருடையது! அந்த இழிவைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொன்று வந்தது.

யோக நூலார் வேறு வழி சென்றனர். அதே இடத்தருகே மூலாதாரம் என்றனர். நான்கிதழ்த் தாமரை என்றனர். அதன்மேல் கணபதியையும் அமர்த்தினர். ஒருபுறம் தீட்டு, மறுபுறம் தெய்வம்! உண்மையில் அங்கே இருப்பது என்ன என்று அறுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. முன்பு இருந்தார்கள். சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் பிணத்தை நீரில் ஊறவைத்து ஆராயச் சொல்கிறது. மூலத்தையும் பவுத்திரத்தையும் விரிவாகப் பேசுகிறது. பின்னர் பிணத்தைத் தொடுவதே தீட்டாயிற்று. 1836-இல் கல்கத்தாவில் மதுசூதன குப்தர் பிணத்தை அறுத்தபோது, அது ஒரு புரட்சியாகவே கருதப்பட்டது.

மன்னர்க்கு மட்டும் வேறு உடலா? பிரெஞ்சு நாட்டுப் பதினான்காம் லூயிக்கும் பவுத்திரம் வந்தது. 1686 நவம்பரில் ஃபெலிக்ஸ் என்னும் அறுவையர் அதைக் கீறிக் குணமாக்கினார். மன்னர்மீது கைவைக்குமுன் அவர் பல மாதங்கள் கைபழகியது யார் உடலில்? ஏழைகளின் உடலில்!

தமிழில் இவ்வுறுப்பை நாணமின்றி எழுதியவர் யார் என்று தேடினால் யாழ்ப்பாணத்துக்குச் செல்ல வேண்டும். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரே எழுதிய உடற்கூற்று நூலைத் தமிழாக்கி, 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என வெளியிட்டார். மதம் பரப்ப வந்தவர்தாம். அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் தமிழில் மருத்துவம் முடியாது என்று இன்றும் முணுமுணுப்போர்க்கு அவர் அன்றே விடையளித்துவிட்டார்.

அறுவைக் கத்திக்குத் தாமரை அகப்படவில்லை, தசை அகப்பட்டது. குதக் கால்வாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. அதைச் சுற்றி இரு சுருக்குத் தசைகள். உள்தசை நம் ஆணையைக் கேளாது; நாம் உறங்கும்போதும் மூடிக் காக்கும். வெளித்தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும். மேலே கவண்வார் போன்ற ஒரு தசை, குடலை முன்னிழுத்து வளைத்து வைத்திருக்கும். குந்தி அமர்ந்தால் அவ்வளைவு நிமிரும். மலக்குடல் நிறையும்போது உள்தசை சற்றே தளர்கிறது. இதை 1877-இல் இலண்டனில் கவர்ஸ் என்பவர் எழுதி வைத்தார். அந்நேரத்தில் வந்திருப்பது காற்றா, நீரா, திண்மமா என்பதைக் கால்வாயின் உட்புறம் உணர்ந்தறிகிறது. பொதுக்கூட்டத்தில் மூன்று மணி நேரம் நாம் மானத்தோடு அமர்ந்திருப்பது இந்தக் காவலர்களின் தயவால்!

கோடு ஒன்றும் உண்டு. மனு கண்டறியாத கோடு. கால்வாயின் உள்ளே சீப்பின் பல்போல் அமைந்தது அது. கருவிலே குடலாக இருந்த பகுதி அதற்கு மேலே. தோலின் வழிவந்த பகுதி கீழே. கீழே ஊசி பட்டாலும் துடிப்போம். மேலே அந்த வலியுணர்வு இல்லை. அதனால்தான் கீழுள்ள வெடிப்பு உயிர்போக வலிக்கிறது. உள்மூலம் வலியின்றிக் குருதி சிந்துகிறது. மூலம் வினைப்பயனுமன்று, செய்வினையுமன்று. எல்லோர்க்கும் உள்ள மெத்தை போன்ற குருதிநாளத் திசு புடைத்துச் சரிவதே அது. ஆனால், வலியில்லையே என்று வாளாவிருப்போர் ஒன்றை அறிக: மலக்குடற் புற்றும் தொடக்கத்தில் வலியின்றியே குருதி காட்டக்கூடும்.

மகப்பேற்றின்போது இச்சுருக்குத் தசைகள் கிழிந்து, மலத்தை அடக்க இயலாமல், அதை வெளியே சொல்லாமலே வாழும் தாய்மார் உண்டு. மறைப்பினால் உயிரே போனதும் உண்டு. இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் பிள்ளைப்பேற்றுக்கு அவரை அழைத்தனர். அவர் மருத்துவரல்லர், மருத்துவரான தந்தையையோ, ஆண் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. மூன்று தாய்மாரும் மாண்டனர். ஐடா மருத்துவம் பயின்று திரும்பி, 1918-இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

நெமிலித் தோழரை நாம் விடவில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். உள்மூலந்தான், புற்று இல்லை. திரும்பும் வழியில் பேருந்தில், அக்கம்பக்கம் பாராமல், உரத்த குரலில் தம் குதத்தைப் பற்றியே பேசி வந்தார். முன்னிருக்கைக்காரர் முகஞ்சுளித்துத் திரும்பினார். சிறிது நேரங் கழித்து அவரே மெல்லக் கேட்டார்: "எந்த டாக்டர்னு சொன்னீங்க?"