ஸ்வெத்லானா: ஒரு கவிஞர் செய்த பெயர்

"சரித்திரம் சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுங்க சார், ஆனா தேதி தேதியா அடுக்கிடாதீங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். தேதி இல்லாமல் சரித்திரம் எழுதுவது உப்பில்லாமல் சாம்பார் வைப்பது மாதிரி. இருந்தாலும் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ராஜாக்களையும் யுத்தங்களையும் வகுப்பறையில் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. இந்த மலருக்கு ஒரே ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ரஷ்யப் பெண்களின் பெயர்: ஸ்வெத்லானா.

முதலில் எழுத்து விஷயத்தை முடித்துவிடலாம். நம் பத்திரிகைகள் "ஸ்வெட்லானா" என்றுதான் எழுதுகின்றன. ஆங்கிலத்தின் வழியாக வந்ததால் அந்த "ட்". ரஷ்யர்கள் உச்சரிக்கும் ஒலி நம்முடைய "த்"துக்கு நெருங்கியது. நாக்கு பல்லைத் தொட வேண்டும். அதனால் இங்கே ஸ்வெத்லானா என்றே எழுதுகிறேன்.

பொருள் எளிது. "ஸ்வெத்" என்றால் ரஷ்ய மொழியில் ஒளி. "ஸ்வெத்லி" என்றால் ஒளி பொருந்திய, வெளிச்சமான. அதோடு "ஆனா" என்ற பெண்பால் விகுதி சேர்ந்து ஸ்வெத்லானா. நம்ம ஊர் ஜோதி, தீபா, சுடர்க்கொடி எல்லோருக்கும் இவள் ஒன்றுவிட்ட சகோதரி. ஆனால் ஒருத்திக்கு மட்டும் நிஜமாகவே ரத்த சம்பந்தம் உண்டு. சமஸ்கிருதத்தில் வெண்மையைக் குறிக்கும் "ஸ்வேத" என்ற சொல்லும், ரஷ்ய "ஸ்வெத்"தும், ஆங்கிலத்தில் வெள்ளையைக் குறிக்கும் "ஒயிட்"டும் ஒரே ஆதி இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. ஸ்வெத்லானாவை வீட்டில் செல்லமாகக் கூப்பிடுவது எப்படித் தெரியுமா? "ஸ்வேத்தா"! இன்றைய மாணவ மாணவியரே, உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு ஸ்வேதாவாவது இருப்பாள். மாஸ்கோவில் போய் அவள் தன் பெயரைச் சொன்னால் யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

"ஸ்வெத்" என்ற சொல்லுக்கு உலகம் என்றும் பொருள் உண்டு. உயர்குடி மக்களின் கூட்டத்தையும் அதே சொல்லால் குறிப்பார்கள். நம் பழைய இலக்கணக்காரர்கள் "உலகம்" என்ற சொல்லுக்கு "உயர்ந்தோர்" என்று பொருள் கொண்டதை இங்கே தமிழ் படித்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஸ்வியத்தஸ்லாவ் என்று ஒரு பழைய அரசர் பெயர் உண்டு. அதில் வரும் "ஸ்வியத்" என்றால் புனிதம். அது வேறு வேர். காதுக்கு ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட ஸ்லாவியப் பெயரைக் கேட்டவுடன், ஆயிரம் வருஷப் பழைய பெயர், ஏதோ ஒரு கீவ் இளவரசி சுமந்த பெயர் என்றுதான் தோன்றும். ரஷ்யர்களில் பலரே அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் 1802க்கு முன்னால் ரஷ்யாவில் ஸ்வெத்லானா என்று ஒரு பெண்ணும் இருந்ததாகத் தெரியவில்லை. அதைச் செய்தவர் அலெக்சாந்தர் வஸ்தோக்கவ் என்ற கவிஞர்.

அவர் கதையே சுவையானது. 1781இல் பால்டிக் கடலில், இன்றைக்கு எஸ்தோனியாவைச் சேர்ந்த ஒரு தீவில் ஜெர்மன் குடும்ப வழியில் பிறந்தவர். இயற்பெயர் ஓஸ்டனெக். ஜெர்மன் மொழியில் "ஓஸ்ட்" என்றால் கிழக்கு. ரஷ்ய மொழியில் கிழக்கு "வஸ்தோக்". அதை வைத்துத் தன் பெயரை ரஷ்யமாக்கிக்கொண்டார். வேதாசலம் மறைமலை ஆன கதை நமக்குத் தெரியும் அல்லவா, அதே மாதிரிதான்; நூறு வருஷத்துக்கும் மேல் முந்தியது. வஸ்தோக்கவுக்குக் கடுமையான திக்குவாய். பேச முடியாதவர் சொற்களின் மேல் அத்தனை காதல் கொண்டார். பிற்காலத்தில் ஸ்லாவிய மொழியியலின் முன்னோடிகளில் ஒருவராகப் பெயர் பெற்றார். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓஸ்த்ரமீர் சுவிசேஷத்தை 1843இல் பதிப்பித்தவரும் அவரே.

அது ரஷ்யப் படிப்பாளிகள் தங்கள் பழம்பெருமையைத் தேடத் தொடங்கிய காலம். ஈகர் இளவரசனின் படையெடுப்பைப் பாடும் பழங்காவியம் 1800இல்தான் அச்சேறியது. வஸ்தோக்கவ் 1802இல் பழங்கால வீரர் கதை ஒன்றைக் கவிதையாக எழுதினார். பெயர் "ஸ்வெத்லானாவும் ம்ஸ்திஸ்லாவும்". இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது பாருங்கள். ம்ஸ்திஸ்லாவ் என்பது நிஜமான பழைய இளவரசர் பெயர். அதற்குப் பக்கத்தில் உட்கார வைத்ததும், நேற்றுப் பிறந்த ஸ்வெத்லானாவும் பழைய பெயர் ஆகிவிட்டாள். மொழி தெரிந்தவர் கைவேலை என்பதால் தையல் வெளியே தெரியவில்லை.

அந்தக் கவிதையை அதிகம் பேர் படிக்கவில்லை. பெயரை ஊரறியச் செய்தவர் வசீலி ஷுக்கோவ்ஸ்கி. ஜெர்மன் கவிஞர் பியூர்கரின் "லெனோரா" அப்போது ஐரோப்பாவையே பயமுறுத்திக்கொண்டிருந்த கதைப்பாட்டு. போரில் இறந்த காதலன் நள்ளிரவில் குதிரையில் வந்து காதலியைச் சவக்குழிக்கு அழைத்துப் போகிறான். ஷுக்கோவ்ஸ்கி 1808இல் அதைத் தழுவி "லூத்மிலா" எழுதினார். அதிலும் பெண் குழிக்குத்தான் போகிறாள். ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அதே கதையை மறுபடி எடுத்து 1812 வரை உழைத்து "ஸ்வெத்லானா" எழுதினார். 1813இல் வெளிவந்தது. இதில் ஒரு பெண், திருமுழுக்குத் திருநாளுக்கு முந்திய மாலையில், கண்ணாடி வைத்துக் குறி பார்க்கிறாள். பிணமாகிவிட்ட காதலன் வருகிறான். ஆனால் எல்லாம் கனவு. விழித்துப் பார்த்தால் வாசலில் மணியோசை, பனிவண்டியில் நிஜக் காதலன் உயிரோடு வந்து இறங்குகிறான். இருட்டான கதையை வெளிச்சத்தில் முடிப்பதற்கு ஒளி என்ற பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதைத் தற்செயல் என்று நான் நம்ப மாட்டேன்.

பாட்டு பிரமாதமாகப் பரவியது. அர்ஸமாஸ் என்ற எழுத்தாளர் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஷுக்கோவ்ஸ்கியின் பாட்டுகளிலிருந்து பட்டப்பெயர் வைத்தார்கள். இளைஞர் பூஷ்கினுக்குக் கிடைத்தது "சில்வண்டு". ஷுக்கோவ்ஸ்கிக்கே "ஸ்வெத்லானா" என்று பட்டம்! மீசை முளைத்த ஸ்வெத்லானா. பூஷ்கின் தன் "யெவ்கேனி அனேகின்" நூலில் கதாநாயகி தத்யானாவை இந்த ஸ்வெத்லானாவோடு ஒப்பிட்டிருக்கிறார்.

தத்யானா என்றதும் எதுகை ஞாபகம் வருகிறது. நமக்கு எதுகை என்றால் அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. ரஷ்யர்களுக்கு அடியின் கடைசியில். நம் இயைபுத் தொடைக்குப் பக்கத்தில் வரும். அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து சொல்லின் முடிவு வரை ஒத்திருக்க வேண்டும். ஸ்வெத்லானாவில் அழுத்தம் "லா"வில் விழுகிறது. ஆகவே "ஆனா" என்று முடியும் சொற்களெல்லாம் உறவு. தத்யானா, ஸ்னெஷானா, பக்தானா என்ற பெயர்கள் ஒருபுறம். பல்யானா என்றால் காட்டு நடுவே திறந்த புல்வெளி. ரானா என்றால் காயம். "விடியலில், சீக்கிரமாக" என்று பொருள்படும் சொல்லை எழுத்தில் "ரானோ" என்று எழுதினாலும் கடைசி "ஓ" தேய்ந்து "ஆ" போலவே ஒலிப்பதால் அதுவும் சேரும்.

ரஷ்ய மொழியில் வேற்றுமை உருபு ஏறினால் சொல்லின் கடைசி மாறும். இதை ஆங்கிலக்காரருக்கு விளக்குவதைவிட எட்டு வேற்றுமை படித்த நமக்கு விளக்குவது சுலபம். "துமான்" என்றால் மூடுபனி. "பனியின்" என்று சொல்ல "துமானா". "அப்மான்" என்றால் ஏமாற்று. "ஏமாற்றின்" என்பது "அப்மானா". இரண்டுமே ஸ்வெத்லானாவுக்கு இயைபு. "ஸ்வெத்லானாவுக்கு" என்றால் "ஸ்வெத்லானே". அதற்கு "துமானே", அதாவது பனிக்குள்ளே. ஒளி என்று பெயர் வைத்துவிட்டுப் பாட்டு கட்ட உட்கார்ந்தால் கைக்குக் கிடைப்பது மூடுபனி, காயம், ஏமாற்று. கூடவே புல்வெளியும் விடியலும். ரஷ்யக் கவிஞருக்கு இதைவிட என்ன வேண்டும்!

இத்தனை புகழ் இருந்தும் 19ஆம் நூற்றாண்டு முழுக்க இந்தப் பெயரைக் குழந்தைக்கு வைக்க முடியவில்லை. ரஷ்யாவில் அன்று பெயர் என்பது ஞானஸ்நானத்தில் தரப்படுவது. திருச்சபையின் நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயராக இருக்க வேண்டும். ஸ்வெத்லானா என்று புனிதர் கிடையாது. எப்படி இருப்பார், கவிஞர் செய்த பெயர் ஆயிற்றே! அதனால் பெயர் முதலில் கப்பலுக்குப் போனது. 1858இல் ஸ்வெத்லானா என்ற போர்க்கப்பல் கடலில் இறங்கியது. அதே பெயர் கொண்ட அடுத்த கப்பல் 1905இல் த்சுஷிமா போரில் ஜப்பானியரால் மூழ்கடிக்கப்பட்டது. மின்விளக்குக்கும் இந்தப் பெயர் வந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் விளக்கு செய்த தொழிற்சாலை ஸ்வெத்லானா என்றே பேர்பெற்றது. இரும்புக்கும் கண்ணாடிக்கும் தடையில்லை, பெண் குழந்தைக்குத்தான் தடை. இன்றும் தேவாலயத்துக்கு வரும் ஸ்வெத்லானாவுக்கு ஃபோத்தீனா என்று ஞானஸ்நானப் பெயர் தருகிறார்கள். கிரேக்கத்தில் அதற்கும் ஒளி என்றுதான் பொருள். கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணுக்கு மரபு தந்த பெயர் அது.

1917 புரட்சி இந்தப் பூட்டை உடைத்தது. பிறப்புப் பதிவு அரசாங்க அலுவலகத்துக்கு வந்தது. எந்தப் பெயரும் வைக்கலாம். சிலர் உற்சாகத்தில் லெனினைத் திருப்பிப் போட்டு நினெல் என்றார்கள், அக்டோபர் புரட்சியின் பேரால் அக்த்யாப்ரினா என்றார்கள். அதற்கெல்லாம் மனம் ஒப்பாதவர்களுக்கு ஸ்வெத்லானா வசதியாக இருந்தது. சாமி பெயர் இல்லை, ரஷ்யப் பெயர், ஒளிமயமான எதிர்காலத்துக்கும் பொருத்தம். புகாரினின் மகள் ஸ்வெத்லானா. மோலத்தவின் மகள் ஸ்வெத்லானா. 1926 பிப்ரவரி 28இல் பிறந்த ஸ்டாலினின் மகளும் ஸ்வெத்லானா.

"ஸ்டாலின்" என்பதே எஃகு என்ற சொல்லிலிருந்து எடுத்த புனைபெயர். அந்த எஃகு இந்த ஊர் வரை வந்து சேர்ந்தது. 1953 மார்ச் 1இல் பிறந்த தன் மகனுக்குக் கலைஞர் கருணாநிதி அந்தப் பெயரை வைத்ததும், அவர் 2021இல் முதலமைச்சர் ஆனதும் எல்லோரும் அறிந்தது. எஃகின் மகள் ஒளி. சின்ன வயதில் அவள் விளையாட்டாக அப்பாவுக்கு உத்தரவு எழுதுவாளாம்; நாட்டையே நடுங்க வைத்தவர் அவளுடைய செயலாளர் என்று கையெழுத்துப் போடுவாராம். அந்த விளையாட்டு நீடிக்கவில்லை. 1932இல் தாய் நதேஷ்தா இறந்தார். அது தற்கொலை என்பதைப் பதினாறு வயதில், ஓர் ஆங்கிலப் பத்திரிகையைப் படித்துத்தான் மகள் தெரிந்துகொண்டாள். அவள் மனம் பறிகொடுத்த திரைப்பட எழுத்தாளர் 1943இல் கைதாகி, வடதுருவப் பக்கம் வர்க்கூத்தாவுக்கு அனுப்பப்பட்டார்.

தந்தை இறந்த பிறகு, 1957இல், தாயின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்: அல்லிலூயெவா. அது "அல்லேலூயா"விலிருந்து வந்த பெயர். திருச்சபை மறுத்த முதற்பெயர், திருச்சபையின் துதியே குடும்பப் பெயர்! 1962இல் மாஸ்கோ தேவாலயம் ஒன்றில் ஞானஸ்நானமும் பெற்றார்.

பிறகு வந்தது இந்தியக் கதை. உத்தரப் பிரதேசத்தின் காலாகாங்கர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் பிரஜேஷ் சிங்கை மாஸ்கோ மருத்துவமனையில் சந்தித்தார். கல்யாணத்துக்குச் சோவியத் அரசு அனுமதி தரவில்லை. 1966 அக்டோபரில் அவர் இறந்தார். அஸ்தியைக் கங்கையில் கரைக்க அந்த டிசம்பரில் ஸ்வெத்லானா இந்தியா வந்தார். திரும்பிப் போக வேண்டிய வேளையில், 1967 மார்ச் 6 மாலை, புது டில்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நடந்து போய்ப் புகலிடம் கேட்டார். உலகமே பரபரத்தது. 1970இல் அமெரிக்காவில் வெஸ்லி பீட்டர்ஸ் என்ற கட்டடக் கலைஞரை மணந்து லானா பீட்டர்ஸ் ஆனார். மண வாழ்க்கை நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது. 1984இல் சோவியத் நாட்டுக்குத் திரும்பி, 1986இல் மறுபடி வெளியேறி, 2011 நவம்பரில் விஸ்கான்சினில் 85 வயதில் லானா பீட்டர்ஸாகவே காலமானார். ஸ்வெத்லானாவில் "ஸ்வெத்"தை எடுத்துவிட்டால் மிச்சம் லானா. தகப்பன் நிழலிலிருந்து தப்ப எஃகை உதறியது போதவில்லை, ஒளியையும் சேர்த்து உதற வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் சரித்திரம் படித்தவனுக்கு இது படிக்கும்போதெல்லாம் நெஞ்சை உறுத்துகிற இடம்.

ஆனால் பெயர் அவரோடு முடியவில்லை. யுத்தம் முடிந்த தலைமுறையில் ஊர் ஊராக ஸ்வெத்லானாக்கள் பிறந்தார்கள். 1948இல் பிறந்த இருவரை மட்டும் சொல்கிறேன். ஒருவர் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா. நம் ராகேஷ் ஷர்மா 1984 ஏப்ரலில் தங்கிய அதே சல்யூத்-7 நிலையத்திலிருந்து, அந்த ஜூலை 25இல் வெளியே வந்து விண்வெளியில் நடந்த முதல் பெண். சும்மா நடக்கவில்லை, அங்கே உலோகத்தை வெட்டி, பற்றவைத்தும் காட்டினார். இன்னொருவர் பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச். யுத்தத்துக்குப் போன பெண்களையும் செர்னோபில் மக்களையும் தேடிப் போய்ப் பேசவிட்டு, அவர்கள் குரலையே நூலாக்கியவர். 2015இல் நோபல் பரிசு பெற்றார். அவர் புத்தகங்களில் பனியும் காயமும் ஏமாற்றும் நிறையவே உண்டு.

அவர் நாட்டு மொழியில் ஒளிக்கு "ஸ்வியத்லோ" என்று பெயர். எனவே அங்கே அவர் ஸ்வியத்லானா. 2020 தேர்தலில் கணவர் சிறையில் இருக்க, அவருக்குப் பதிலாகக் களத்தில் நின்று, பின் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்த தீக்கனோவ்ஸ்கயாவும் ஸ்வியத்லானாதான். புனிதத்துக்கு அங்கே சொல் "ஸ்வியதி". தனித்தனி வேர் என்று முன்னே பிரித்துச் சொன்னேனே, அந்த இரண்டும் பெலாரஸ் எழுத்தில் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன.