மூட்டைக்கு இவ்வளவு: வணிகர் மகமையின் வரலாறு

பழைய பேரேடுகளைப் புரட்டிய பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, அவரவர் வணங்கும் தெய்வத்தின் பெயரை எழுதி, அடுத்த பக்கத்தில் "மகமை" என்று ஒரு தலைப்பு போட்டிருப்பார்கள். வந்தவாசியில் என் தகப்பனார் கடைப் பேரேட்டிலும் அது உண்டு. கடைப் பையனாக இருந்தபோது, அது யாரோ நமக்குக் கடன் கொடுத்த ஆள் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவகையில் அது தப்பும் இல்லை. மகமை கடையின் வரவு அல்ல, கடை கொடுக்க வேண்டிய பாக்கி.

வியாபாரத்தில் இத்தனைக்கு இத்தனை என்று ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்குவதுதான் மகமை. மகிமை என்பதன் திரிபு என்பார்கள். நன்கொடை மனசு வந்தால் கொடுப்பது. மகமை சரக்கு நகர்ந்தால் கொடுப்பது. இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

மதுரைக்கு அருகே மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலை. அங்கே சமண முனிவர்கள் தங்கிய குகைகளில் கல்லில் வெட்டிய படுக்கைகளும் தமிழ் பிராமி எழுத்துகளும் உள்ளன. 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டார், 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவற்றின் மொழி தமிழ் என்று காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு. எல்லோரும் அரசன் பெயரையே பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதே மலையில் உள்ள இன்னொரு வரி. வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார் கொடுத்தது என்கிறது அது. நிகமம் என்றால் வணிகர் குழு. தனி ஆள் பெயர் இல்லை, சங்கத்தின் பெயர்தான். தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துகளிலேயே ஒரு வியாபாரிகள் சங்கத்தின் தர்மம் பதிவாகி இருக்கிறது.

சற்றே பிற்பட்ட அழகர்மலைக் குகையில் கொடுத்தவர்கள் பெயரோடு தொழிலும் இருக்கிறது. உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்கும் பாணித வணிகன், துணி விற்கும் அறுவை வணிகன், ஏர்க்கொழு விற்பவன். ராஜா, மந்திரி யாரும் இல்லை. இன்றைக்கு நம்ம கடைத்தெருவில் நடந்தால் பார்க்கக்கூடிய ஆட்கள்தாம்.

இவையெல்லாம் ஒருமுறை கொடுத்த கொடை. விகிதம் போட்டு நிரந்தரமாகக் கொடுக்கும் முறையைப் பார்க்கச் சிவகங்கை மாவட்டம் பிரான்மலைக்குப் போக வேண்டும். தேவாரப் பாடல் பெற்ற திருக்கொடுங்குன்றம் அது. அங்குள்ள கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு நீண்ட கல்வெட்டு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் கூட்டமும் பல ஊர் வணிகர்களும் ஒன்றுகூடி, தங்கள் சரக்கு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று தாங்களே விதித்துக்கொண்டு கோயிலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்குப் பட்டணப் பகுடி என்று பெயர். உப்பு, பாக்கு, மிளகு, பஞ்சு, இரும்பு என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் குதிரை, யானை வரை வருகிறது. பொதிக்கு ஒரு விகிதம், வண்டிக்கு ஒரு விகிதம். இரும்பு வியாபாரியான நான் அந்தப் பட்டியலில் இரும்பைப் பார்த்ததும் நம்ம பில் புத்தகத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. அரசன் கேட்டு வாங்கிய வரி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கூடிப் பேசி, விகிதத்தைக் கல்லில் வெட்டி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்துவிட்டார்கள். பிறகு எவனும் "நான் போன வருஷமே கொடுத்துட்டேனே" என்று சொல்ல முடியாது.

இதே வணிகர்கள் கடல் கடந்தும் போனார்கள். பர்மாவின் பாகானில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நானாதேசி விண்ணகர் என்ற கோயிலைச் சொல்கிறது. அதற்கு மண்டபமும் விளக்கும் கொடுத்தவர் மலைமண்டலத்துக்காரர். நானாதேசி என்றால் பல தேசத்தாரும் சேர்ந்த கூட்டம். வெளியூரில் பிழைக்கப் போனவன் எந்த ஊர்க்காரன் என்று பார்க்காமல் சேர்ந்துகொள்கிறான். பாலாநகரில் லேத் பட்டறைக்காரரும், எச்.ஏ.எல். ஊழியரும், முன்பு ஐ.டி.பி.எல்.-லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும் ஒரே பொங்கல் பந்தியில் உட்காருவது புது விஷயம் இல்லை என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன்.

இனி நம் காலத்துக்குப் பக்கத்தில் வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் மாட்டு வண்டியில் சரக்கு கொண்டு போனார்கள். வழியில் களவு பயம். அதனால் மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். வண்டி நிறுத்த, மாடு கட்ட, சரக்கை இறக்கிவைக்க இடம். பேட்டையைப் பயன்படுத்துபவர் ஆளுக்கு இவ்வளவு மகமை கட்ட வேண்டும். உறவின்முறை என்ற ஊர்ச் சபை இந்தப் பணத்தைப் பார்த்துக்கொண்டது. முறைகாரர் என்பவர் முறை வைத்து மாறுவார். ஒரே ஆள் காலம் முழுக்கச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ள வழியில்லை.

வழியில் பயம் குறைந்து பேட்டையின் தேவை குறைந்தபோது மகமை நிற்கவில்லை. நான் மிகவும் வியப்பது இந்த இடத்தைத்தான். காரியம் முடிந்தது, வசூல் வேண்டாம் என்று விட்டிருக்கலாம். மாறாக அதே பணம் கிணறுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. 1885-இல் விருதுபட்டியில் சத்திரிய வித்யாசாலா தொடங்கியது. சம்பளம் இல்லாத பள்ளி. 1889-இல் கமுதியில் ஒன்று. வியாபாரத்திலிருந்து மகமை, வீடுகளிலிருந்து பிடி அரிசி. உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டுவைப்பார்கள். அதை வாங்கி விற்றுப் பள்ளிக்குச் சேர்ப்பார்கள். இதே கமுதியில் கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக நடந்த வழக்கு 1908-இல் பிரிவி கவுன்சிலில் இவர்களுக்கு எதிராக முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோயில் கதவு திறக்காத காலத்தில் அவர்கள் பள்ளிக் கதவைத் திறந்தார்கள், பிற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

சாதிக் கட்டுப்பாட்டின் பலம் அதன் பின்னால் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. கட்டாதவனை உறவின்முறை சும்மா விடாது. அந்த வற்புறுத்தல் நமக்கு வேண்டாம். கணக்கு முறை வேண்டும்.

அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்த ஒரு பையன் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டான். முதலமைச்சரான பின் 1956-இல் பகல் உணவுத் திட்டத்தைத் தொடங்கினான். காமராஜர்தான். அதுவும் ஆரம்பத்தில் ஊரார் கொடுத்த அரிசியையும் பணத்தையும் நம்பியே நடந்தது.

பெருந்தனக்காரர் ஒருவரே கொடுத்த தர்மத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். சென்னையில் துபாஷியாக இருந்து பெரும்பொருள் சேர்த்தவர். கோயில் காரியங்களுக்கு உயில் எழுதிவைத்தார். உயில் தகராறிலும் வழக்கிலும் கிடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முதலியோர் முயன்று, கோயில் தர்மம் போக மிஞ்சிய பணத்தைக் கல்விக்குத் திருப்பி, 1842-இல் பள்ளி திறந்தபோது அவர் இறந்து 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னால் அது எவ்வளவு பெரிய கல்லூரியாயிற்று என்பது வேறு கதை. அந்த 48 ஆண்டில் படிக்காமல் போன பிள்ளைகளை யார் கணக்கெடுத்தார்கள்?

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து வங்கியாளர் பிரெடரிக் காஃப் இதே நோயைப் பார்த்தார். செத்தவர் எழுதிய நிபந்தனை உயிரோடு இருப்பவர் கையைக் கட்டுகிறது. 1914-இல் அவர் ஊர்ப் பொது அறக்கட்டளை ஒன்றை அமைத்தார். பலர் பணம் ஒரே நிதியில், எதற்குச் செலவு என்பதை ஊர்க் குழு காலத்துக்கேற்ப முடிவு செய்யும். இன்று உலகெங்கும் பரவியுள்ள சமூக அறக்கட்டளைகளுக்கு அதுவே முதல் என்கிறார்கள். பேட்டைப் பணத்தைப் பள்ளிக்குத் திருப்பிய உறவின்முறை அதற்கு முன்பே அதைச் செய்துவிட்டது.

நம் ஐதராபாத்தில் வடநாட்டு வணிகர்கள் இதைத் தர்மாதா என்பார்கள். பில்லில் தனி வரியாகவே வரும். இந்தப் பணம் கடைக்காரர் வருமானமா என்று வருமான வரித்துறையோடு வழக்கு நடந்து, பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தர்மத்துக்கென்று வாங்கியது வியாபார வரவு ஆகாது என்றது. கடை கொடுக்க வேண்டிய பாக்கி என்று என் தகப்பனார் பேரேடு சொன்னதும் அதுதானே.

இவ்வளவு தூரம் எழுதக் காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நான் குழுவில் இருந்த ஓர் அமைப்பில் பிள்ளைகள் படிப்புக்கென்று நிதி திரட்டினோம். கணக்கு ஒருவரின் நோட்டில் இருந்தது. நல்ல மனுஷன், திருடியவர் அல்ல. திடீரென்று காலமானார். நோட்டில் பாதி பென்சில் எழுத்து. யார் கொடுத்தது, யாருக்குப் போனது, மிச்சம் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஜூன் மாதம் பாலிடெக்னிக்கில் சேர இடம் கிடைத்திருந்த ஒரு வெல்டரின் மகன், நம் பணத்தை நம்பிக் காத்திருந்து, கடைசி நாள் போய், பட்டறைக்கே வேலைக்குப் போனான். அந்த நோட்டை ஒருநாளும் காட்டச் சொல்லிக் கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

வருஷத்துக்கு ஒருமுறை ரசீதுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் வழக்கத்தோடு, மகமையையும் வைத்துப் பார்க்கலாம் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் வியாபாரத்தில் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய், சம்பளக்காரர் மாதம் ஒருநாள் டீச் செலவு. முறைகாரர் ஆண்டுக்கு ஒருவர். மாதக் கணக்கு பொங்கல் விழா நடக்கும் மண்டபத்து வாசலில் ஒட்டவேண்டும். பில்லில் தனியாகச் சேர்த்தால் ஜி.எஸ்.டி. தொல்லை வரும் என்று என் ஆடிட்டர் பயப்படுகிறார். அதனால் வாடிக்கையாளரிடம் வாங்காமல் என் பங்கிலிருந்தே எடுக்கிறேன். இந்தத் தீபாவளிக்குப் புதுக்கணக்கு போட்டபோது, கம்ப்யூட்டர் கணக்கிலும் இரண்டாவது கணக்கின் பெயராக மகமை என்று அடிக்கச் சொன்னேன். கணக்கு எழுதும் பெண், "அங்கிள், இது யார் பார்ட்டி?" என்று கேட்டாள்.