ஆட்டத்திலிருந்து கதைக்கு: அசைவூட்டத் தொடர்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில், நாவுலவுக்கு அண்மையில், நாலந்த கெடிகே என்னும் சிறிய கற்கோயில் அமைந்துள்ளது. மாமல்லபுரத்துப் பல்லவர் கோயில்களை நினைவூட்டும் திராவிடக் கட்டடப் பாணியில் எழுந்த அது, ஒரு பௌத்த வழிபாட்டிடமாகும். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அதன் காலத்தை அறிஞர் பலவாறு கணிப்பர். இக்கோயில் இருவகை இடப்பெயர்ச்சிகளைக் கண்டது. ஒரு கட்டட வடிவம் கடல் கடந்து வந்து, வேறொரு சமயத்தின் தேவைக்கு இசைந்து புதுப்பொருள் பெற்றமை முதலாவது. 1970களில் மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டதையொட்டி, மூழ்கும் நிலையிலிருந்த கோயில் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, நீர்மட்டத்துக்கு மேல் மீளக் கட்டப்பட்டமை இரண்டாவது. பின்னதில் கற்கள் மட்டுமே இடம்மாறின. முன்னதில் பொருளே மாறிற்று.

ஒரு கலைவடிவம் இன்னொன்றாக மாறும்போதெல்லாம் இவ்விரு வழிகளையும் காணலாம். கணினி விளையாட்டுகள் அசைவூட்டத் தொடர்களாக மாற்றப்பட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

விளையாட்டுக்கும் கதைக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. விளையாட்டில் ஈடுபடுவோன் தானே செயலாற்றுகிறான். ஓடுவதும் தாக்குவதும் வெல்வதும் அவன் கையிலேயே உள்ளன. செயலுக்குரிய காரணத்தை அவன் பெரிதும் வினவுவதில்லை. பகைவன் எதிர்ப்பட்டான் என்பதே போதிய காரணமாகும். கதையிலோ அவன் வெறும் பார்வையாளனாகிறான். செயல் அவன் கையிலிருந்து பறிக்கப்படுகிறது. பறிக்கப்பட்ட செயலுக்கு ஈடாகக் கதை எதனைத் தருகின்றது என்பதே இங்கு எழும் வினாவாகும். பாரதக் கதையின் சூதாட்டம் இதனை நன்கு விளக்கும். பகடை உருளும் விதியை மட்டும் கூறினால் அது விளையாட்டு. சகுனி ஏன் உருட்டினான், தருமன் ஏன் எழுந்து செல்லவில்லை, பாஞ்சாலி அவையில் என்ன வினவினாள் என்பவற்றைக் கூறும்போதே அது காவியமாகிறது.

கணினி விளையாட்டிலிருந்து பிறந்த முதல் தொலைக்காட்சித் தொடர் எனப் பொதுவாகக் கருதப்படுவது, 1982இல் அமெரிக்காவின் ஹன்னா-பார்பெரா நிறுவனம் தயாரித்த ‘பாக்-மேன்’ ஆகும். யப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட மூல விளையாட்டில், மஞ்சள் நிற வட்டமொன்று சிக்கல்வழிகளில் புள்ளிகளை விழுங்கிச் செல்லும். பேய்கள் அதனைத் துரத்தும். தொடரை ஆக்கியோர் அவ்வட்டத்துக்கு மனைவியையும் குழந்தையையும் கொடுத்தனர். பேய்களுக்கு ஒரு தலைவனையும் நியமித்தனர். ஆனால் துரத்தலும் விழுங்கலும் அவ்வாறே நீடித்தன. கற்கள் இடம்மாறினவேயன்றிப் புதிய பொருள் பிறக்கவில்லை எனலாம்.

1996இல் யப்பானில் வெளிவந்த ‘போக்கிமொன்’ விளையாட்டும், 1997இல் அதிலிருந்து உருவான தொடரும் ஒரு திருப்பத்தைக் காட்டின. விளையாட்டில் இடம்பெற்ற 151 உயிரினங்களுள் ஒன்றே பிக்காச்சு. தொடரின் தொடக்கத்திலேயே அது தன்னை அடைத்து வைக்கும் பந்தினுள் புக மறுக்கின்றது. அம்மறுப்பிலிருந்து ஒரு சிறுவனின் நட்பு வளர்கின்றது. சேகரிக்கும் பொருளாக இருந்தது தோழனாக மாறிற்று. இம்மாற்றம் மீண்டும் விளையாட்டையே பாதித்தமை குறிப்பிடத்தக்கது. 1998இல் வெளிவந்த மஞ்சள் பதிப்பில், தொடரைப் பின்பற்றி, பிக்காச்சு விளையாடுவோனின் பின்னே நடந்து வந்தது.

2017இல் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட ‘காசில்வேனியா’ இன்னும் ஆழமாகச் சென்றது. அது கொனாமி நிறுவனம் 1989இல் வெளியிட்ட விளையாட்டொன்றைத் தழுவியது. அவ்விளையாட்டில் டிராகுலா இறுதியில் வீழ்த்தப்பட வேண்டிய பகைவன் மட்டுமே. தொடரோ அவனுடைய மனைவி லிசாவிலிருந்து தொடங்குகின்றது. மருத்துவம் பயின்று மக்களுக்கு உதவிய அவளைச் சூனியக்காரியென்று குற்றஞ்சாட்டித் திருச்சபையினர் எரிக்கின்றனர். டிராகுலாவின் வெஞ்சினம் அத்தீயிலிருந்தே பிறக்கின்றது. 1997இல் வந்த பிறிதொரு விளையாட்டில் சுருக்கமாகச் சொல்லப்பட்ட அவளுடைய முடிவை, தொடர் முழுக் கதைக்கும் ஊற்றாக்கியது.

இம்மரபு 2021 நவம்பரில் வெளிவந்த ‘ஆர்கேன்’ தொடரில் முதிர்ச்சி பெற்றது. ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் ‘லீக் ஒவ் லெஜண்ட்ஸ்’ 2009இல் தொடங்கிய விளையாட்டு. அணிக்கு ஐவராக இரு அணியினர் மோதி, எதிரணியின் தளத்தைத் தகர்ப்பதே அதன் சாரம். வை, ஜிங்ஸ் ஆகிய இருவரும் அதிற் பங்குகொள்ளும் பல வீரர்களுள் இருவர். பாரிஸ் நகரின் போர்ட்டிஷ் நிறுவனம் தீட்டிய தொடர் இவ்விருவரையும் பெற்றோரை இழந்த சகோதரிகளாக முன்வைத்தது. மேலே செல்வச் செழிப்புடைய பில்டோவர். கீழே நச்சுக்காற்றில் உழலும் சோன். தன்னை வளர்த்தவரை மீட்க எண்ணித் தங்கை எறிந்த வெடி, தன்னவர்களையே மாய்க்கின்றது. துயரத்தில் அக்காள் சினந்து சொன்ன, கேடு விளைப்பவள் என்று பொருள்படும் வசைச்சொல்லே பின்னர் அவளுடைய பெயராகின்றது. விளையாட்டில் வெறும் அடையாளமாயிருந்த பெயர், தொடரில் ஒரு தழும்பாயிற்று. 2022இல் சிறந்த அசைவூட்ட நிகழ்ச்சிக்கான எம்மி விருதை இத்தொடர் வென்றது. இணையவழி வெளியான தொடரொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

இவை யாவும் விளையாட்டை விற்பதற்கான விளம்பரங்களே என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட இயலாது. ‘ஆர்கேன்’ தொடரின் இரு பருவங்களுக்கும் ஏறத்தாழ 25 கோடி அமெரிக்க டொலர் செலவானதாகச் செய்தியேடுகள் தெரிவித்தன. அத்துணைப் பொருளைக் கலைமீதுள்ள காதலால் மட்டும் ஒரு வணிக நிறுவனம் செலவிடாது. எனினும் பொருள்வளமே ஒரு தொடரைக் கலையாக்கிவிடுவதுமில்லை. லிசாவின் மரணத்திலிருந்து கதையைத் தொடங்குவதற்கு வேண்டப்பட்டது பணமன்று. பகைவனும் ஒரு காலத்தில் நேசித்தவனே என்பதை உணர்ந்த நோக்கு.

இவ்வரலாறு தமிழ் மாணவர்க்கு அயலானதன்று. மலையகத் தோட்டங்களில் ஆடப்பட்டு வரும் காமன் கூத்தில் ஆடுவோர்க்கும் காண்போர்க்குமிடையே கடக்கவொண்ணாத மதில் இல்லை. ஊராரே நோன்பிருக்கின்றனர், ஊராரே வேடம் புனைகின்றனர். அதனைத் திரைக்கோ கணினிக்கோ கொண்டுசெல்ல நாளை எவரேனும் முனையலாம். அப்போது அணிகலனையும் ஒப்பனையையும் பறையொலியையும் அப்படியே பதிவுசெய்வது எளிது. கல் கல்லாகக் கழற்றி அடுக்குவது போன்ற அப்பணியும் வேண்டியதே. அதனாற்றான் நாலந்தக் கோயில் நீரில் மூழ்காது பிழைத்தது. ஆயின் காமன் எரிந்தபின் இரதி ஏன் புலம்புகிறாள், அப்புலம்பலில் தோட்டத்துப் பெண்கள் தம் இழப்பு எதனைக் கேட்டனர் என்ற வினாக்களுக்கு விடை தேடாத ஆக்கம், ‘பாக்-மேன்’ தொடரின் நிலையிலேயே நின்றுவிடும்.

பேணுவது ஒரு கடமை. புதுப்பொருள் கொடுத்து வாழவைப்பது மற்றொரு கடமை. இவற்றுள் முதலாவதோடு அமைந்துவிடும் சமூகத்திடம் கற்கள் மிஞ்சும்; கதை மிஞ்சாது.