நல்லவாடு ஒலிபெருக்கி



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் கடலூரில் பள்ளி மாணவன். காலையில் கடற்கரைக்குப் போன வகுப்புத் தோழன் ஒருவன் திரும்பி வரவே இல்லை. "ஓடு"ன்னு அவனிடம் சொல்ல யாரும் இருக்கலை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பும் இதே கதைதான். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைப் புயல் அலை விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊரே அழிந்தது.

ஆனால் அதே சுனாமி நாளில், புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவர் கிராமத்தில் நடந்தது வேறு. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையத்தில், மீனவர்களுக்கு வானிலை சொல்லும் ஒலிபெருக்கி இருந்தது. மையம் பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்து அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் அதிகமான மக்கள் தப்பினார்கள்.

2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் ஆணையம். பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதும் கருவிகளைத் தயாராக வைப்பதும் உள்ளாட்சி அமைப்புகளின் கடமை.

சட்டம் சரி. பொறியாளனாக நான் கேட்பது சின்னக் கேள்விகள்: உங்க ஊர் ஒலிபெருக்கிக்கு பேட்டரி இருக்கா? சாவி யாரிடம்? ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் வீட்டுக் கதவை யார் தட்டுவார்?

அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். என் தோழனுக்காக நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.