காற்று வழியும் ஆள் வழியும்



சாளரத்துக்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர்களுள் ஒன்று காலதர் என்பது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. ஆங்கிலேயர் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லும், 'காற்றின் கண்' எனப் பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே. தொடர்பற்ற இரு மொழியினர் ஒரே கருத்தில் பெயரிட்டமை வியப்புக்குரியது. ஆனால், இடுக்கண் நேர்ந்த வேளையில் மனிதன் வெளியேறவும் சாளரம் வழியாதல் வேண்டும் என்பது மிகவும் பிற்பட்ட காலத்தில்தான் விதியாயிற்று. அவ்விதி பிறந்த வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்து வாழும் என் மகளின் இல்லத்தில் சில திங்கள் தங்கியிருந்தேன். அவ்வீட்டின் அடியில் ஒரு நிலவறை உண்டு. அதனைப் பத்து வயதுப் பேரனுக்குப் படுக்கையறை ஆக்க மருமகன் எண்ணியிருந்தார். அங்கிருந்த ஒரே சாளரம் மேற்கூரையை ஒட்டி, 30 அங்குல அகலமும் 14 அங்குல உயரமும் உடையதாய் இருந்தது. "படிக்கட்டில் தீப்பற்றினால் பிள்ளை எவ்வழியே வெளியே வருவான்?" என்று வினவினேன். "அதற்காகத்தான் மாமா, பெரிய சாளரம் வைத்த பிறகே படுக்கையறை ஆக்கலாம் என்று இங்கே விதி இருக்கிறது" என்றார் அவர்.

அத்தகைய சிறு சாளரம் அங்கே ஏன் அமைந்தது? குளிர்நாடுகளில் பனியால் மண் உறைந்து விரியும். ஆகவே உறைபனி எட்டாத ஆழத்தில் அடித்தளம் இடுவர். அதற்காகத் தோண்டிய பள்ளமே நிலவறையாயிற்று. அங்கே நிலக்கரி குவிந்திருந்தது. வீட்டை வெதுப்பும் உலை எரிந்தது. கரிக்கும் உலைக்கும் சிறு சாளரம் போதும். பின்னர் எண்ணெயும் எரிவாயுவும் வந்து கரியை அகற்றின. வெற்றிடமான நிலவறையில் மனிதர் உறங்கத் தலைப்பட்டனர். சாளரமோ கரிக்கு அமைந்த அளவிலேயே நின்றுவிட்டது.

வெளியேறும் வழியைப் பற்றிய பாடத்தை உலகம் பெருந்துயரங்களின் வாயிலாகவே கற்றது. 1883-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரின் விக்டோரியா மண்டபத்தில் சிறுவர்களுக்காகச் செப்படி வித்தை நிகழ்ந்தது. முடிவில் கீழ்த்தளத்தில் பரிசுகள் வழங்குவதைக் கண்ட மேல்தளத்துச் சிறுவர்கள் படிக்கட்டில் விரைந்து இறங்கினர். கீழே இருந்த கதவோ உட்புறமாகத் திறப்பது; ஒருவர் பின் ஒருவராகவே செல்லக்கூடிய இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. நெரிசலில் மாண்ட சிறுவர் 183 பேர். அங்கே தீயில்லை, புகையில்லை; கதவு ஒன்றே காரணம். அந்நகரிற் பிறந்த இராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர், உள்ளிருந்து தள்ளிய அளவில் திறக்கும் தாழ்ப்பாளுக்கு 1892-இல் காப்புரிமை பெற்றார்.

சிகாகோவிலேயே 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், திறந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்த இராக்வாய் நாடக அரங்கு தீக்கிரையாயிற்று. தீயே அணுகாது என்று விளம்பரம் செய்யப்பட்ட அரங்கு அது! விடுமுறைக் காலமாதலால் பெண்டிரும் சிறுவரும் நிறைந்திருந்தனர். சில கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. சிலவற்றின் தாழ்ப்பாளைத் திறக்கும் வகை எவருக்கும் தெரியவில்லை. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் மடிந்தபோதும் பூட்டிய கதவு ஒரு காரணமாயிற்று. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1913-இல் உயிர்க்காப்புக் குழு ஒன்றை அமைத்தது. 1927-இல் கட்டடங்களின் வெளியேறும் வழிகளுக்கான விதித்தொகுப்பை வெளியிட்டது. அரங்குக்கும் ஆலைக்கும் பிறந்த இக்கருத்து, நாளடைவில் வீட்டின் படுக்கையறைக்கும் வந்து சேர்ந்தது.

2000-ஆம் ஆண்டில் முதற்பதிப்புக் கண்ட அனைத்துலகக் குடியிருப்பு விதித்தொகுப்பை அந்நாட்டு மாநிலங்கள் பல தழுவியுள்ளன. அதன்படி, வெளியேறும் சாளரத்தின் திறந்த வெளி அகலத்தில் 20 அங்குலத்துக்கும் உயரத்தில் 24 அங்குலத்துக்கும் குறையலாகாது. பரப்பு 5.7 சதுர அடி வேண்டும். தரைமட்டத்தை ஒட்டிய சாளரத்துக்கு 5 சதுர அடி போதும். இங்கே ஒரு கணக்கு உண்டு. இருபதை இருபத்து நான்கால் பெருக்குங்கள்: 480 சதுர அங்குலம், அதாவது மூன்றரைச் சதுர அடிகூட இல்லை! அகலம் இருபதே என்றால், 5.7 சதுர அடிக்கு உயரம் 41 அங்குலத்துக்குச் சற்று மேல் வேண்டும். இரண்டிலும் சிறுமத்தைக் கொள்வோர் ஏமாறுவர். அந்த அளவின் வழியே உள்ளிருப்பவர் வெளிவருவது மட்டுமன்று, மூச்சுக்கருவி அணிந்த தீயணைப்பு வீரர் உட்புகவும் வேண்டும்.

சாளரத்தின் அடிவிளிம்பு அறைத்தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேற்படலாகாது. வெளியே மண்ணை அகற்றிக் குழி அமைத்து, அக்குழி 44 அங்குலத்தினும் ஆழமாயின் நிலையான ஏணியும் பொருத்தல் வேண்டும். எல்லாவற்றினும் தலையாய விதி ஒன்று: சாவியோ கருவியோ இன்றி உள்ளிருந்து திறக்க வேண்டும். என் மருமகன் பக்கவாட்டில் நகரும் சாளரத்தை முதலில் விரும்பினார். அதில் பாதியே திறக்கும் என்பதை அளந்து காட்டினேன். கதவுபோல் கீலில் திரும்பி முழுமையும் திறக்கும் சாளரத்தைத் தேர்ந்தோம். பொருத்திய அன்று பேரன் தானே திறந்து ஏணிவழி ஏறி வெளியே நின்றான். நானும் மெல்ல ஏறினேன்; முழங்கால் சிறிது சிராய்த்தது, ஆயினும் வெளியே வந்துவிட்டேன்.

அன்று புல்தரையில் நின்றபோது என் நெஞ்சை உறுத்திய நினைவு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். நான் தலைமையாசிரியனாய் இருந்த பள்ளியில், பிள்ளைகள் வகுப்பு வேளையில் வெளியே ஓடாதிருக்கப் பின்புற இரும்புக் கதவைப் பூட்டுவித்தேன். சாவி என் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஒழுங்கைக் காக்கின்றேன் என்ற பெருமிதம் எனக்கு. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிஞ்சுகள் கருகின. செய்தி கேட்ட மறுநாளே அப்பூட்டைக் கழற்றினேன். அதுவரை ஊறு நேராதது என் அறிவினால் அன்று, நற்பேற்றினால்தான்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஆசிரியர் ஆவீர்கள். ஒரு சாளரத்துக்கு அளவு குறிக்கும்போதும் ஒரு கதவுக்குப் பூட்டிடும்போதும், இருளிலும் புகையிலும் விழித்தெழும் மிகச் சிறிய பிள்ளையை மனத்தில் நிறுத்துங்கள். அப்பிள்ளை தன் கையால் அதனைத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். இன்று வீடு சென்றதும், உங்கள் படுக்கையறைக்கு இரண்டாவது வழி எது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.