பழைய பிரெஞ்சு வெண்கலச் சிங்கம்... கையெழுத்தை மட்டும் நம்பி வாங்கிடாதீங்க!

ஏல இணையதளங்களைச் சும்மா ஸ்க்ரோல் செய்யும்போது, ஒரு குட்டி வெண்கலச் சிங்கம் உங்கள் கண்ணில் படலாம். பீடத்தில் 'பாரி' என்று கையெழுத்து. 'ஒரிஜினல் பிரெஞ்சு ஆன்டிக், 19-ம் நூற்றாண்டு' என்று விளம்பரம். கையெழுத்தே இருக்கே, அப்புறம் என்ன என்று பணம் கட்டப் போறீங்களா? ஒரு நிமிஷம்! அந்தச் சிங்கம், சிற்பி இறந்து பல வருஷம் கழித்து வார்க்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

யார் இந்த பாரி?

ஆந்துவான் லூயி பாரி (1795-1875), பாரிஸில் பொற்கொல்லர் பட்டறையில் வேலை பழகியவர். அங்குள்ள மிருகக்காட்சி சாலைக்குப் போய், ஓவியர் தெலக்ருவாவோடு சேர்ந்து சிங்கம், புலிகளை வரைந்தார். 1831-ல் பாரிஸ் கண்காட்சியில் அவர் வைத்த சிற்பம், கங்கை முதலையைக் கடித்துத் தின்னும் ஒரு புலி. அதன் வெண்கல வார்ப்பு இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அரசர் ஏறி உட்காரும் குதிரையாக இல்லாமல், மிருகமே ஹீரோவாக நின்றது பலருக்குப் புதுசு. இப்படிச் செய்த சிற்பிகளை 'அனிமாலியே', அதாவது மிருகச் சிற்பிகள் என்று விமர்சகர்கள் கிண்டலடித்தார்கள். பின்னாளில் அதுவே அந்தக் கலைக்கான பெயராக நிலைத்துவிட்டது.

கையெழுத்து ஏன் போதாது?

இந்தச் சிற்பங்களில் பெரும்பாலானவை மணல் அச்சில் வார்க்கப்பட்டவை. மூல மாடல் ஒன்று இருக்கும். அதை மணலில் பதித்து, எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். கையெழுத்தும் அந்த மாடலிலேயே இருப்பதால், ஒவ்வொரு பிரதியிலும் தானாக விழுந்துவிடும்.

மாடல் யார் கையில் இருக்கிறதோ, அவரே வார்க்க முடியும். கடனில் மூழ்கிய பாரி, 1848-ல் திவாலானார். அவருடைய மாடல்கள் எமில் மார்ட்டின் என்ற வார்ப்பாளரிடம் போயின. 1857-ல்தான் திரும்பக் கிடைத்தன. பாரி இறந்த பிறகு பார்பெடியன் நிறுவனம் பல மாடல்களை வாங்கி, தொடர்ந்து வார்த்து விற்றது.

குதிரை, நாய்ச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற பியேர் ஜூல் மேன் விஷயத்திலும் இதே கதைதான். அவர் 1879-ல் இறந்த பிறகு, மருமகன் ஒகுஸ்த் கேன் வார்ப்பைத் தொடர்ந்தார். அதன் பிறகு மாடல்கள் சூஸ் நிறுவனத்துக்குப் போயின. எல்லாவற்றிலும் கையெழுத்து என்னவோ 'மேன்'தான்!

வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க

* வார்ப்பாளர் முத்திரை: பார்பெடியன், சூஸ் போன்ற பெயர்கள் பீடத்தில் இருந்தால், எந்தக் காலத்து வார்ப்பு என்று ஓரளவு கணிக்கலாம்.

* அளவு: முடிந்துபோன வெண்கலச் சிலையிலிருந்தே அச்சு எடுத்துச் செய்யும் நகல்கள் உண்டு. உலோகம் ஆறும்போது சுருங்குவதால், நகல் அசலைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். பாரி, மேன் இருவரின் படைப்புகளுக்கும் முழுப் பட்டியல் நூல்கள் வந்திருக்கின்றன. அதிலுள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

* நுணுக்கம்: நல்ல வார்ப்பில், உளியால் செதுக்கிய ரோமமும் நரம்பும் கூர்மையாகத் தெரியும். மழுங்கிப்போய், சோப்பு தேய்ந்த மாதிரி இருந்தால் உஷார்.

* கீழ்ப்பக்கம்: சிலையைக் கவிழ்த்த போட்டோ கேளுங்கள். சுரண்டுப்பட்ட இடம் பொன்னிறமாக இருந்தால் வெண்கலமாக இருக்கலாம். சாம்பல் நிறமாகத் தெரிந்தால், மேலே வெண்கல நிறம் பூசிய துத்தநாகமாக இருக்க வாய்ப்பு அதிகம். காந்தத்தை நம்ப வேண்டாம், இரண்டிலுமே ஒட்டாது.

யானை பொம்மை வைத்த கார்

கார் பிரியர்களுக்கு ஒரு தகவல். புகாட்டி ராயல் காரின் ரேடியேட்டர் மூடியில் நிற்கும் யானை, கம்பெனியைத் தொடங்கிய எட்டோர் புகாட்டியின் தம்பி ரெம்ப்ராண்ட் புகாட்டி செய்த சிற்பம். இத்தாலியரான அவருடைய சிற்பங்களை, பாரிஸின் எப்ரார் வார்ப்பகம் மெழுகு வார்ப்பு முறையில் செய்தது. நம்ம சுவாமிமலை ஸ்தபதிகளும் மெழுகை உருக்கித்தான் வார்க்கிறார்கள். எப்ரார் வார்ப்புகளில் முத்திரையோடு பிரதி எண்ணும் போடுவது வழக்கம். அதனால் எத்தனையாவது பிரதி என்று தெரிந்துகொள்வது சுலபம்.

தேய்க்காதீங்க!

வாங்கிவிட்டால், குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். மேலே இருக்கும் பழுப்பு, பச்சை நிறம் அழுக்கல்ல. ரசாயனமும் சூடும் கொடுத்து, பட்டறையிலேயே உருவாக்கிய மேற்பூச்சு அது. போனால், சிலையின் மதிப்பும் சேர்ந்து போகும். உலர்ந்த மென்மையான துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

சிற்பி இறந்த பிறகு வந்த வார்ப்புகள் எல்லாமே மோசடி அல்ல. பார்பெடியன் வார்த்தவற்றில் அருமையானவை நிறைய உண்டு. பிந்தைய வார்ப்பை, சிற்பி காலத்து விலைக்கு உங்கள் தலையில் கட்டுவதுதான் பிரச்னை. அதனால் விற்பவரிடம் 'யார் செய்தது?' என்பதோடு நிறுத்தாமல், 'யார் வார்த்தது, எப்போது வார்த்தது?' என்றும் கேளுங்கள். பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால், அந்தச் சிங்கம் அங்கேயே இருக்கட்டும்!